பத்தொன்பதாவது நடை

“அந்தப் படம் போட்டிக்குப் போகாது. நான் போக விடமாட்டேன்!”

அவள் மேஜையைத் தட்டிய தட்டில் டம்ளர் ஆடியது. படிப்பது என்னவோ வேதியியல்தான். எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் வீட்டிலும் குடியிருப்பிலும் ‘வக்கீல்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது.

“உங்க அண்ணன் எடுத்த படம்டி” என்றாள் அம்மா.

“அதனால? அண்ணன் செஞ்சா தப்பு சரியாயிடுமா?”

அண்ணனும் அவனுடைய இசைக்குழு நண்பர்கள் மூன்று பேரும் சேர்ந்து எடுத்த விண்வெளிப் படம் அது. ஒரு வசனம் கிடையாது. கப்பலை விட்டு ஓர் ஆள் இறங்குவதற்கே ஒன்பது நிமிடம்.

“வசனமே இல்லையா? அதான் உன்னை நடிக்கக் கூப்பிடலை” என்றார் அப்பா.

வக்கீலுக்குச் சிரிப்பு வரவில்லை. கப்பலை விட்டு இறங்குகிற அந்த ஆள், குடியிருப்பு வாசல் கேட்டில் காவல் இருக்கும் ‘கேட்டக்கா’. ஒரு கால் குட்டை. சாய்ந்து சாய்ந்துதான் நடப்பாள். கார் நிறுத்துமிடத்தில் படம் பிடித்த அன்று வக்கீல் மாடியிலிருந்து பார்த்தாள். அலுமினியத் தாளைச் சுற்றிவிட்டு, கொளுத்துகிற வெயிலில் அக்காவைத் திரும்பத் திரும்ப நடக்க வைத்தார்கள். எண்ணினாள். பதினேழு தடவை! போதாததற்கு, நான்கு தடியன்களும் அவள் பின்னாலேயே அவளைப் போலவே நொண்டிக்கொண்டு போனார்கள். விழுந்து விழுந்து சிரிப்பு வேறு.

வக்கீல் அப்படிப்பட்டவள் இல்லை. ஸ்கூட்டரில் வந்து நின்றால், அக்கா நாற்காலியை விட்டு எழுவதற்குள் ஓடிப்போய்க் கேட்டைத் தானே திறந்துகொள்வாள். “நீங்க உட்காருங்கக்கா!”

பல்கலைக்கழகத் திரைப்படக் கழகத்துக்கு அவள்தான் செயலாளர். அவள் கையெழுத்து இல்லாமல் எந்தப் படமும் போட்டிக்குப் போகாது. கண்டனத்தை இரண்டு பக்கம் எழுதிப் பையில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் மதியம் திரையிட்டார்கள். அரங்கு இருண்டது.

கப்பலின் வட்ட ஜன்னல் வீட்டுச் சலவை இயந்திரத்தின் கதவு என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் கதவு திறந்து கேட்டக்கா வெள்ளி உடையில் இறங்கியபோது அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டது.

தொம்... தக். தொம்... தக்.

அந்தக் கிரகத்து மனிதர்கள் ஒவ்வொருவராக வந்து அவள் பின்னால் அதே சாய்வில் நடந்தார்கள். பார்க்கிறவர்களின் கால்கள் தாமாகவே தரையைத் தட்டின. தன் காலும் தட்டுவதைக் கண்டு வக்கீல் கோபத்தோடு நிறுத்திக்கொண்டாள்.

விளக்கு எரிந்ததும், கைதட்டல் அடங்கும் முன்பே கண்டனத் தாளோடு எழுந்து நின்றாள்.

“ஒரே கேள்வி. ஒருத்தரோட கால் உங்களுக்கு வேடிக்கையா? வெயில்ல பதினேழு தடவை நடக்க வெச்சீங்களே, உங்களுக்கெல்லாம் மனசாட்சியே கிடையாதா?”

அண்ணன் வாயைத் திறப்பதற்குள் இரண்டாவது வரிசையிலிருந்து குரல் வந்தது.

“பதினேழு இல்ல வக்கீலு, பத்தொன்பது. நடுவுல நீ காப்பி குடிக்க உள்ள போயிட்டே.”

கேட்டக்கா! அரங்கு சிரித்தது.

“‘இன்னொரு தடவை’ன்னு சொன்னதே நான்தான். படத்துல அந்த ஊர்ல எல்லாருக்கும் இதான் நடை. என் அடிதான் பாட்டுக்கே தாளம். ஆனா இவங்களுக்கு வந்தாத்தானே! அதோ நிக்கிறாரே டிரம்ஸ் தம்பி, அவருதான் ரொம்ப மோசம். ஓட்டமா ஓடுறாரு.”

“பன்னெண்டு வருஷமா டிரம்ஸ் வாசிக்கிறேங்க” என்று டிரம்ஸ்காரன் முகத்தை மூடிக்கொண்டான்.

“பத்தொன்பதாவது நடையிலதான் நாலு பேரும் ஒண்ணா வந்தாங்க. அதுக்கு அப்புறம்தான் விட்டேன்.”

அக்கா தொம் தக்கென்று நடந்து வந்து வக்கீலின் கையிலிருந்த தாளை வாங்கிப் பார்த்தாள்.

“எழுத்து மணி மணியா இருக்கு. என்னைப் பத்தி ரெண்டு பக்கம் எழுதியிருக்கே. என்கிட்ட ரெண்டு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?”

வக்கீல் பேசாமல் பேனாவை எடுத்துப் போட்டிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டாள்.

“பார்த்தீங்களா, நம்ம வக்கீலுக்கும் ஒரு காட்சி வந்துச்சு. அதுலயும் வசனம் இல்லை!” என்றான் அண்ணன்.

சாயங்காலம் ஸ்கூட்டர் குடியிருப்பு வாசலில் நின்றது. பழக்கதோஷம். குதித்திறங்கி ஓடிப்போய்த் தாழ்ப்பாளில் கையை வைத்துவிட்டாள்.

“எடு கையை!” அக்கா நாற்காலியிலிருந்து சிரித்தாள். “அது என் வேலை. எல்லாரும் என்னை உட்காருன்னுதான் சொல்றீங்க. உங்க அண்ணன் ஒருத்தர்தான் நான் வந்து திறக்கிற வரைக்கும் நிப்பாரு. நின்ன இடத்துல வண்டி மேல என் நடைக்குத் தாளம் போட்டுட்டு இருந்தாரு ஒரு நாள். கிண்டலான்னு சண்டைக்குப் போனேன். ‘அக்கா, இந்தத் தாளம் இதுவரைக்கும் நான் கேட்டதே இல்லையே’ன்னாரு. படம் அங்கதான் ஆரம்பிச்சுது.”

வக்கீல் தாழ்ப்பாளை விட்டாள். திரும்பிப்போய் ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்தாள். லேசாக ஹாரன் அடித்தாள்.

அக்கா எழுந்தாள். நடந்தாள். தொம்... தக்.

காத்திருந்த வக்கீலின் விரல்கள் ஸ்கூட்டர் கைப்பிடியில் மெல்லத் தட்ட ஆரம்பித்தன.

பாதி வழியில் அக்கா நின்று, இடுப்பில் கை வைத்தாள்.

“ஓடாதே வக்கீலு, ஓடாதே! அப்படியே அந்த டிரம்ஸ் தம்பி மாதிரி... முதல்லேருந்து வர்றேன், சரியாத் தட்டு!”