கலப்பைக் கிழங்கு வறுவல்

"அக்கா! நான் குடுத்த வறுவலை யாரும் சாப்ட்டுடலையே?"

செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்குள் ஓடிவந்த பக்கத்து வீட்டு அறிவுமதியைப் பார்த்ததும் நீலாஞ்சனாவுக்குத் திக்கென்றது.

"இன்னா அறிவு, இப்படி மூச்சு வாங்குது?"

"விஷம்க்கா அது! கோட்டை மலைப்பக்கம் இருக்கற எங்க வேலியில செவப்பும் மஞ்சளுமா ஒரு கொடி பூத்துச்சே, பள்ளம் தோண்டறப்போ அதோட கிழங்கு வந்துச்சு. மெட்ராஸ்ல வளந்தவ, எனக்கு இன்னா தெரியும்? வள்ளிக்கிழங்குன்னு வறுத்துட்டேன். இப்பதான் அவரு வந்து மிச்சம் கிடந்த முழுக் கிழங்கைப் பார்த்துட்டுக் கத்தறாரு. ஏர்க்கலப்பையாட்டம் வளைஞ்சிருக்குது பாரு, அதனாலதான் இதுக்குக் கலப்பைக் கிழங்குன்னே பேரு, தின்னா உயிரே போய்டும்ங்கறாரு. நாங்க இன்னும் வாயில வெக்கல. சூடா இருக்கட்டும்னு உங்களுக்குத்தான் மொதல்ல குடுத்தேன், பாவி!"

நீலாஞ்சனா அவளைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"அழுவாத. நாங்க ஜைனருங்க. மண்ணுக்கடியில விளையற எதையும் சாப்ட மாட்டோம். வேணாம்னு சொன்னா நீ வேற மாதிரி நினைச்சுப்பியேன்னுதான் வாங்கிக்கிட்டேன்."

அறிவுமதிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"எங்க மாமனார் இருக்கற வீட்ல கிழங்கா? எம்பையன் உருளைக்கிழங்கு சிப்ஸ் தின்னுட்டான்னு அவன்கூடப் பேச்சையே நிறுத்திட்டாரு மனுசன்!" என்று சிரித்த நீலாஞ்சனாவின் முகம் சட்டென்று வெளுத்தது. "ஐயையோ! மாட்டுக்குப் போடுங்கன்னு அவர்கிட்டதான் டப்பாவைக் குடுத்தேன்!"

இருவரும் தோட்டத்துக்கு ஓடினார்கள். நிறைமாதச் சினைமாடு கால்களை மடக்கிப் படுத்திருந்தது. தொழுவத்து ஓரம் டப்பா காலியாகக் கிடந்தது. பக்கத்தில் கல்மேல் மாமனார் சாந்திராஜ் உட்கார்ந்திருந்தார்.

"மாமா, அந்தக் கிழங்கு விஷமாம்! சாப்ட்டா உயிர் போய்டுமாம்! மொத்தத்தையும் போட்டுட்டீங்களா?"

அவர் காலி டப்பாவையே பார்த்தார்.

"வாயில்லா ஜீவன், அதுவும் ரெட்டை உயிரு!" நீலாஞ்சனா அழுதுகொண்டே போனை எடுத்தாள். "மாட்டு டாக்டரைக் கூப்டறேன்!"

சாந்திராஜ் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். நெற்றியெல்லாம் வியர்வை.

"மாட்டு டாக்டர் வேணாம்மா... எனக்கு ஆம்புலன்ஸைக் கூப்டு."