சுவாமிநாதனின் பிக்கப் இழுக்குமா?

வேலுமணி பிரேக்கை ஓங்கி மிதித்தார்.

சான்டா க்ரூஸ் மலை இறக்கம். முன்னால் பள்ளத்தாக்கு. பின்னால் கொக்கியில் ஒன்றரை டன் கேம்பிங் டிரெயிலர், படுக்கை அடுப்போடு ஒரு சக்கர வீடு. பிக்கப்பின் ஒற்றை நீள சீட்டில் மூன்று பேர்: ஸ்டியரிங்கில் வேலுமணி, நடுவில் வண்டிக்குச் சொந்தக்காரர் சுவாமிநாதன், ஜன்னலோரம் கண்களை இறுக மூடிக்கொண்டு அவர் மனைவி ஷ்யாமளா.

வண்டி நின்றது. நெளியவில்லை, இழுபடவில்லை. டிரெயிலர் பின்னாலிருந்து நெட்டித் தள்ளவும் இல்லை.

அதுதான் சிக்கல்.

எண்பத்துநாலு மாடல். இந்தத் தொண்ணூற்றெட்டில், பதினாலு வயது வண்டிக்கு ஏற்றத்தில் மூச்சு வாங்கியிருக்க வேண்டும், வாங்கவில்லை. எஞ்சின் கொதித்திருக்க வேண்டும். முள் பாதிக்கு மேல் ஏறவில்லை. கியர் ஆயில் கருகுகிறதா என்று மூக்கை நீட்டினார். ஷ்யாமளாவின் மடியிலிருந்த புளியோதரைதான் மணத்தது.

ஃப்ரீமான்ட் கார் ஃபேக்டரியில் பிரேக் டெஸ்ட் பார்ப்பவர் வேலுமணி. சன்னிவேல் தமிழர்கள் பழைய வண்டி வாங்கினால், அவர் தலையாட்டிய பிறகுதான் சாவியைத் தொடுவார்கள். அந்தத் தலை இதுவரை பொய்யாக ஆடியதில்லை.

நேற்று அதற்கு ஆபத்து வந்தது. முதலில் சுவாமிநாதன், போனில், ரகசியக் குரலில்.

"வேலு, இழுக்காதுன்னு சொல்லிடுப்பா. இருபத்தஞ்சாவது கல்யாண நாளுக்கு யெல்லோஸ்டோன் போலாம்னு வாய விட்டுட்டேன். கரடி உலாத்துற காட்டுல, பத்து நாள் அந்த டப்பாவுக்குள்ள! அவ ஆசையை நான் கெடுத்தேன்னு இருக்கக் கூடாது."

வைத்த போன் சூடு ஆறுவதற்குள் ஷ்யாமளா.

"அண்ணா, இழுக்காதுன்னு சொல்லிடுங்கண்ணா. இவர் குறட்டைக்கு எங்க பெட்ரூமே பத்தலை. பாவம், ஆசையா டிரெயிலர் வாங்கிட்டார். நான் எப்படி வேணாம்கறது?"

இப்போது இருவரும் அவர் வாயையே பார்த்தார்கள். சுவாமிநாதனின் முழங்கை அவர் விலாவில் இடித்தது. ஷ்யாமளா அர்த்தத்தோடு இருமினாள்.

ஒரே ஒரு பொய். இரண்டு பேருக்கு நிம்மதி.

வேலுமணி தொண்டையைச் செருமினார். "இழுக்கும். தாராளமா இழுக்கும்."

விலாவில் இடித்த முழங்கை மெல்ல இறங்கியது.

"சூப்பர்," என்றார் சுவாமிநாதன், செத்த குரலில்.

"எனக்கு எவ்ளோ சந்தோஷம் தெரியுமா?" என்றாள் ஷ்யாமளா. கண்ணில் நிஜமாகவே நீர்.

திரும்பும் வழியெல்லாம் புருஷனும் பெண்டாட்டியும் மாறி மாறி யெல்லோஸ்டோனைப் புகழ்ந்தார்கள். வேலுமணி ரோட்டைப் பார்த்து ஓட்டினார்.

அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது, ஹால் கார்ப்பெட்டில் புத்தம் புதிதாக இரண்டு ஸ்லீப்பிங் பேக்குகள் விரிந்து கிடந்தன. ஒன்றுக்குள் கழுத்துவரை புகுந்திருந்தாள் அவர் மனைவி கலாவதி.

"என்னங்க, இழுக்கலைதானே? நேத்தே சொன்னேன்ல, அவங்க போகலைன்னா டிரெயிலர் நமக்குத்தான். நாம ஒரு மாசம் போறோம். அலாஸ்கா!"

வேலுமணி முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டார்.

"வண்டி ரொம்ப நல்ல வண்டி, கலா. என்னால பொய் சொல்ல முடியலை."