சூட்டு உடம்பு

வாஷ்பேசின் குழாயைத் திறந்துவிட்டு வலக்கையை நீட்டியபடி நிற்கிறாள் தாய். ஜன்னல் வெயில் தண்ணீரில் நெளிகிறது. விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கிவிட்டன. பிறக்கும்போது மூச்சு முட்டி மூளை அடிபட்ட அவள் குழந்தை, போர்வையோ தொப்பியோ இல்லாமல் குளிர்விரிப்பில் கிடக்கிறது. மூன்று நாள் உடம்பு குளிர்ந்திருந்தால் சேதம் குறையலாமாம். முதல் நாள் நர்ஸ் சொன்ன “சூடு படக்கூடாதும்மா” என்பதில் தன் கையையும் சேர்த்துக்கொண்டுவிட்டாள் இவள்; குழந்தையைத் தொடுமுன் ஒவ்வொரு முறையும் இப்படிக் கையைக் குளிரவைக்கிறாள். நர்ஸ் இன்றுதான் அதைக் கவனிக்கிறாள். “ஐயோ, என்னம்மா பண்றீங்க? தொட்டா ஒண்ணும் ஆகாது.” “எனக்குச் சூட்டு உடம்பு சிஸ்டர்.” நர்ஸுக்கு வந்த சிரிப்பு பாதியில் நின்றுவிடுகிறது. குழாயை அவளே மூடுகிறாள். “மூணு நாள் முடிஞ்சுது. இப்பத்தான் சூடு ஏத்த ஆரம்பிச்சிருக்கோம், மணிக்கு அரை டிகிரி.” “மூளை சரியாயிடுமா?” “ஸ்கேன் பாத்துட்டுத்தான் டாக்டர் சொல்வாரும்மா.” தாய் கையைத் துடைக்கிறாள். இரண்டு உள்ளங்கைகளையும் பரபரவென்று தேய்க்கிறாள், சிவக்கும்வரை தேய்க்கிறாள். பிறகு கட்டைவிரல் நீளமே இருக்கும் அந்தப் பாதத்தைப் பொத்திக்கொள்கிறாள். பாதம் அசையவில்லை. குழந்தையின் உடல்சூட்டைக் காட்டும் திரையில் 33.5 மறைந்து 33.6 வருகிறது. அதை ஏற்றியது தன் கைதான் என்பதுபோல, எடுக்காமல் நிற்கிறாள்.