நாற்பதாம் நாள் மெழுகுவர்த்தி

சுல்தானை எதிர்த்துச் சண்டை போட்ட தளபதி வெல்யான் செத்து அன்றோடு நாற்பது நாள். அவர் மனைவி ஸ்தமேனா கறுப்பு முக்காட்டோடு தேவாலயத்துக்குள் வந்தாள். மெழுகுவர்த்திப் பெட்டிக்குப் பக்கத்தில் துருக்கிப் போலீஸ் சார்ஜென்ட் நின்றுகொண்டிருந்தார்.

ஆறு அடித்துக்கொண்டு வந்த அநாதைப் பிணம் ஒன்றுக்குத் தன் மேல்கோட்டை மாட்டிவிட்டு, அதைத் தன் பிணமென்று நம்பவைத்து ஊரையே அழவைத்தவர் வெல்யான்தான். இப்போது காலில் குண்டுக் காயத்தோடு மாவு மில்லின் பரணில் படுத்திருக்கிறார். கால் அழுக ஆரம்பித்திருந்தது. அவர் செத்ததை சுல்தானின் ஆட்கள் நம்பினால் கணவாயில் காவலை எடுத்துவிடுவார்கள். அவரை வண்டியில் போட்டு எல்லை தாண்டி செர்பியாவுக்குக் கொண்டுபோய்விடலாம்.

நம்பலாமா என்று பார்க்கத்தான் சார்ஜென்ட் வந்திருந்தார். இருபது வருடமாக இந்த ஊர்களில் இருப்பவர். மெழுகுவர்த்திப் பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று அவருக்குத் தெரியும்.

அது மணல் நிரப்பிய இரண்டு தட்டுகள் கொண்ட தகரப் பெட்டி. உயிரோடிருப்பவருக்கு மேல்தட்டு, செத்தவருக்குக் கீழ்த்தட்டு. நடும்போது மனசுக்குள் பெயரைச் சொல்ல வேண்டும்; சொன்ன பெயருக்குத்தான் அது போய்ச்சேரும். உயிரோடிருப்பவர் பெயரைச் சொல்லிக் கீழே ஏற்றினால், வருடம் திரும்புவதற்குள் அவர் போய்விடுவார். இதை ஊரில் யாரும் சோதித்துப் பார்த்ததில்லை.

பதினான்கு சண்டை பார்த்த வெல்யான், காலையில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருந்தார்: "வேணும்னா என் தலையை வெட்டிக் குடுத்துடு. கீழே மட்டும் ஏத்திடாதேடி."

"என்னம்மா, கையில வெச்சுக்கிட்டே நிக்கறே?" என்றார் சார்ஜென்ட். "நாப்பது நாளாச்சு. இன்னுமா மேலே கீழே சந்தேகம்?"

ஸ்தமேனா இன்னொரு மெழுகுவர்த்தியையும் எடுத்தாள். "உங்க பேரு என்னங்கய்யா? இருபது வருஷமா சார்ஜென்ட்டுன்னே கூப்பிட்டாச்சு."

"ரெஜெப். எதுக்கு?"

"துக்கத்துக்கு வந்த ஒரே சர்க்கார் ஆளு நீங்கதான். உங்களுக்கும் ஒண்ணு ஏத்தறேன்."

"நான் தொழறது மசூதியிலம்மா."

"மெழுகுக்கு அது தெரியாதுங்க."

சார்ஜென்ட்டின் மீசை லேசாக அசைந்தது. அவள் மேலே ஒன்று நட்டாள், கீழே ஒன்று நட்டாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

செத்தவர் நினைவாக வேகவைத்துக் கொடுக்கும் கோதுமையில் சார்ஜென்ட் ஒரு கரண்டி வாங்கிச் சாப்பிட்டார். வாசலில் நின்ற போலீஸ்காரனிடம், "கணவாயில இருக்கறவங்களைத் திரும்பி வரச் சொல்லு" என்றார்.

மில்லின் பின்பக்கம் வண்டி தயாராக நின்றது. வெல்யான் ஏற மறுத்தார்.

"எங்கே ஏத்தினே? முதல்ல அதைச் சொல்லு."

"மேலே ஒண்ணு, கீழே ஒண்ணு. சார்ஜென்ட் பேரையும் கேட்டு வாங்கிட்டேன்."

வெல்யானின் முகம் வெளுத்தது. "அடிப்பாவி! அவனுக்கு மேலே, எனக்குக் கீழேயா?"

ஸ்தமேனா வண்டியில் அவர் கால் வைக்கும் இடத்தில் வைக்கோலைச் சரிசெய்தாள்.

"மேலே எரியறது நீங்க."