காலையில் ஒரு சந்தேகம்

புது மென்பொருள் வந்தபின் கணக்குப் பிரிவில் மிஞ்சியது எல்லோருக்கும் அக்காவான கணக்காளர் ஒருவர்தான். மாதக் கடைசியோடு அவருக்கும் வேலையில்லை என்று மேலாளர் சொல்லியிருந்தார்.

ஆனால் தினமும் காலையில் அந்த மென்பொருளில் ஒரு பதிவு மட்டும் நகராமல் நிற்கும். கீழே, ‘அக்கா, இது சரியா?’ என்றிருக்கும். பார்த்தால், ஒரே பில் இரண்டு தரம் ஏறியிருக்கும்.

கணினி பழுதுபார்க்க வந்தவர் தலையைச் சொறிந்தார். “இதுக்குச் சந்தேகப்படவே தெரியாதுக்கா. உங்கள அக்கான்னு கூப்பிட யாரு சொல்லிக் குடுத்தா?”

மேலாளர் அன்று இரண்டு தரம் ஏறியிருந்த பில்லையே வெறித்தார். “நீங்க இருங்கம்மா. வேலைய விட வேணாம்.”

பழுதுபார்க்க வந்தவர் எதற்கும் இருக்கட்டுமென்று கணினியின் மின்கம்பியைப் பிடுங்கினார். கம்பி அவர் கையில் தொங்க, திரையில் இன்னொரு வரி வந்தது: ‘அப்ப நாளைக்கு வருவீங்கதானே?’

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ‘வருவேன்’ என்று தட்டினார்.