ஏகமனதாக

கள்ள ஓட்டில் வந்த ஆட்சியைக் கவிழ்க்கப் பிறந்த இயக்கம் அது. அதனால் ஓர் ஆளைத் தீர்த்துக்கட்டுவதென்றாலும் ஓட்டெடுத்துத்தான் செய்வார்கள்.

அன்று தையல்கடைப் பின்னறையில் தலைவரோடு சேர்த்து ஐந்து பேர். போலீஸ் அடி தாங்காமல் இரண்டு பெயரை உளறியவன், தையல்காரியின் உடன்பிறந்த தம்பி. அவனைக் கொல்வதா, விடுவதா என்பதுதான் கேள்வி.

"எழுதத் தாள் குடும்மா," என்றார் தலைவர்.

துணி வெட்டுவதற்கு அளவு வரையும் பிரவுன் பேப்பரை ஐந்தாகக் கத்தரித்து ஆளுக்கொன்று நீட்டினாள்.

எழுதிய சீட்டுகளை வாங்கிக்கொண்டு தலைவர் உள்ளே போனார். தனியாக எண்ணுவது அவர் வழக்கம். திரும்பி வந்து ஐந்தையும் மேசையில் பரப்பினார். எல்லாவற்றிலும் 'சாகணும்'.

"சொந்தத் தம்பின்னுகூடப் பாக்கலையேம்மா! உன்ன மாதிரி நாலு பேர் இருந்தா போதும்."

"கொள்கைன்னு வந்துட்டா தம்பி என்ன, அண்ணன் என்ன?" என்றாள், குரல் பிசிறாமல்.

"யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?"

லாரி டிரைவர் மேசையைப் பார்த்தார். பள்ளிக்கூட வாத்தியார் பார்த்தார். அச்சகக்காரரும் பார்த்தார். ஐந்து சீட்டும் கோடு போட்ட வெள்ளைத்தாள்.

ஒருவரும் மூச்சுவிடவில்லை.

'விட்டுடுங்க' என்று எழுதிக் கொடுத்திருந்த தையல்காரி, கத்தரித்ததில் மிஞ்சிக் கிடந்த பிரவுன் பேப்பர் துண்டைக் காலாலேயே மெஷினுக்கு அடியில் தள்ளினாள்.