சுவரில் நிற்கும் பெண்

"போட்டோ மங்கலா இருக்கு மேடம். வேற எடுத்துட்டு வாங்க."

ரிசப்ஷன் பெண் ஃபைலைத் திருப்பி நீட்டியதும் தையல்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன தடவை, ரத்தப் பரிசோதனை பழசு. அதற்கு முந்தின தடவை, பையனுடைய அப்பாவின் கையெழுத்து ஒத்துப்போகவில்லை. இதோடு நாலு நடை ஆகிவிட்டது.

"ஏம்மா, எல்லாத்தையும் ஒரே தடவையில சொல்லித் தொலைக்கக் கூடாதா? அஞ்சு வயசுக்குள்ள ஸ்டெம் செல் ஊசி போட்டாத்தான் பையன் நடப்பான்னு உங்க டாக்டர்தானே சொன்னாரு? வர்ற வெள்ளிக்கிழமை இவனுக்கு அஞ்சு முடியுது!"

சத்தம் கேட்டு, மடியிலிருந்த மகன் உடம்பை விறைத்துக்கொண்டான். பெருமூளை வாதம். கழுத்து நிற்பதற்கே மூன்று வருஷம் ஆனது. அவன் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

"அடுத்த வாரம் வாங்க மேடம், பார்க்கலாம்."

"வெள்ளிக்கிழமைங்கறேன், அடுத்த வாரம்ங்கறியே! உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?"

அந்தப் பெண் கம்ப்யூட்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கல்லுளிமங்கி.

எதிர்ச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு படம். நீலக் கவுன் போட்ட சிறுமி சிரித்தபடி நின்றாள். கீழே, 'நேற்றுவரை சக்கர நாற்காலி. இன்று சொந்தக் கால்!' நாலு நடையாக அதைப் பார்த்துப் பார்த்துத் தையல்காரிக்கு அந்தக் கவுனின் ஒவ்வொரு மடிப்பும் மனப்பாடம்.

"அங்க பாரு. இடுப்புல துணி இழுத்துச் சுருங்கிக் கிடக்கு. அதைக்கூடக் கவனிக்காத ஒரு அம்மா. அவ பொண்ணு நடக்குறா. நான் வீட்டையே விக்கிறேன், என் பையனுக்கு ஒரு ஊசி போட வழியில்லை!"

ரிசப்ஷன் பெண் சட்டென்று நிமிர்ந்தாள்.

"வீட்டை வித்துட்டீங்களா?"

"அட்வான்ஸ் வாங்கியாச்சு. நாளைக்குப் பத்திரம்."

"பத்திரம் ஆகலையே? திருப்பிக் கொடுத்துடுங்கக்கா."

நாலு நடையில் இன்றுதான் அந்த வாயிலிருந்து 'அக்கா' வந்தது.

"இத்தனை நாள் வேணும்னுதான் இழுத்தடிச்சேன். நாலு நடை நடந்தா நீங்களே வெறுத்துப் போய் விட்டுடுவீங்கன்னு நெனச்சேன்."

"அடிப்பாவி! அப்ப அந்தப் பொண்ணு?"

ரிசப்ஷன் பெண் டாக்டர் அறைக் கதவைப் பார்த்தாள். மூடியிருந்தது. மேசைமேல் குனிந்து குரலைத் தாழ்த்தினாள்.

"மூணு ஊசி போட்டும் நடக்கலைன்னு நான் வெளியில சொல்லிடக் கூடாதுன்னுதான் இந்த வேலையைக் கொடுத்தாங்க. வீட்டை வித்தவளுக்கு வேற வழி தெரியலைக்கா."

தையல்காரி படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கவுன் நல்லாத்தான் தச்சிருந்தாங்க. படம் எடுக்கறப்ப நான்தான் பின்னாடி உட்கார்ந்து, இடுப்பைத் துணியோட சேர்த்து இறுக்கிப் பிடிச்சிட்டிருந்தேன். கையை விட்டா விழுந்துடுவா என் பொண்ணு. இன்னிக்கும்."